ஐப்பசியில் சீவிய கதவு

தம்பிகளா, கீல் வாங்க வந்தவன் கீலை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கடையில் அது நடக்காது. நான் உளியைக் கீழே வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வயது முப்பத்தொன்று. இந்த வயதில் ரிட்டயர் ஆன ஆசாரி கோவில்பட்டி வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு வீட்டுப் பரணிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு போனது. அதே மாதம் கல்யாணமும் ஆனது. இரண்டில் எது பெரிய அடி என்று என் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள், சொல்கிறேன். அப்புறம் மாமனாரின் இந்த ஆணிக்கடையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். கை ஆணியை எடை போடும்போது வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வாசலோடு திரும்பி வந்தவன் நான். பாடம் நடத்தத் தெரியாது. பட்டதைச் சொல்லத் தெரியும்.

கீல் திருகு ஆடுகிறது என்று பெரிய திருகு கேட்கிறீர்களே, வேண்டாம். நம் பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு நாலு குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் அடி. பழைய திருகே பிடித்துக்கொள்ளும். பலகை விளிம்பில் ஆணி அடிக்கும் முன் அதன் மூக்கில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுங்க வை, பலகை பிளக்காது. கட்டில் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டால் முதலில் தரையைப் பார். நாலு காலில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். புதுசாகக் கல்யாணம் ஆன வீடாக இருந்தால் சிரிக்காமல் பார். நான் சிரித்து ஒரு வேலையை இழந்திருக்கிறேன்.

இதையெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது, கை சுத்தமாகச் செய்து முடித்த ஒரு வேலையைப் பற்றி. அந்த அளவுக்கு வழுவழுப்பாக நான் வேறு எந்தக் கதவையும் சீவியதில்லை.

அதற்கு முன்னால் நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கரிசல் தூங்குகிற மண். சித்திரை வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும், அடியில் எங்கேயோ குளுகுளுவென்று இருக்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் குடித்துக் குடித்து உப்பி, மெதுவாகப் புரண்டு படுக்கும். அதன் மேல் நிற்கிற வீடும் கூடவே புரளும். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. சோறு தின்பார்கள், டிவி பார்ப்பார்கள். வீடு அசைந்தது கதவுக்குத்தான் முதலில் தெரியும்.

எஸ்தர் அக்காவின் கதவுக்கு அப்படித்தான் ஒரு ஐப்பசியில் தெரிந்தது.

கோவில்பட்டியிலிருந்து மணியாச்சி போகிற பாதையில், தண்டவாளத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் அக்கா வீடு. கல்யாணம் கட்டாதவள். வீட்டிலேயே தையல். கூட இருந்தது அவளுடைய அப்பா மட்டும். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த கேட்டையே எடுத்துவிட்டு இப்போது கீழ்ப்பாலம் போட்டுவிட்டார்கள். பெரியவருக்கு அது ஞாபகத்தில் இல்லை. அது மட்டுமா, மகள் பேரே பாதி நாள் ஞாபகத்தில் இருக்காது. ஆனால் நாள் முழுக்க அவர் தலைக்குள் ரயில் வந்துகொண்டே இருக்கும். விட்டால் டூட்டிக்குக் கிளம்பி நடந்துவிடுவார்.

அதனால் அக்கா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கடைக்குப் போனாலும் வாசல் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளை இழுத்துவிட்டுத்தான் போவாள். பத்து நிமிஷ வேலை. பூட்டுப் போட அவளுக்கு மனசு வராது. பூட்டுக்குப் பதிலாக ஒரு வார்த்தை வைத்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, வண்டி வருது. கேட்டு போட்டிருக்கு," என்பாள். உள்ளேயிருந்து பெரியவர் கதவை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். அசையாது. சரி என்று போய் உட்கார்ந்துவிடுவார். முப்பது வருஷம் ஊரையே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்தவர், மூடின கேட்டை மீற மாட்டார். தொந்தரவே கிடையாது.

அந்த ஐப்பசியில் கதவு நிலையோடு இறுக்கிக்கொண்டது. சாத்த முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

நான் போனபோது அந்த வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பை ஒரு கொத்தனார் பூசிக்கொண்டிருந்தான். என் வயதுக்காரன்தான். பேர் சொன்னால் இந்தக் கடைக்கு வந்து என்னோடு சண்டை போடுவான், விட்டுவிடுகிறேன். நான் கதவைக் கழற்றி இழைப்புளியை எடுத்ததும் சாரத்தின் மேலிருந்து ஆரம்பித்தான்.

"ஏலே, கதவு என்னலே பாவம் பண்ணுச்சு? வீடு நகருது, நீ கதவைச் சீவுத."

"வீடு நகருதுன்னா கட்டுனவன் லட்சணம் அப்படி."

"மழை விட்டு வெறிக்கட்டும், பொறுலே. தையில தானா விட்டுக்குடுக்கும்."

அவன் சொன்னது அவ்வளவும் உண்மை. ஆனால் சொன்னது கொத்தனார். கொத்தனார் சொல்லி ஆசாரி கேட்டான் என்று ஊரில் பேர் வரலாமா? சுருள் சுருளாகச் சீவினேன். வேப்பமரக் கதவு. மழை ஈரத்தில் அந்தச் சீவல் வாசமே தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. பெரியவர் வந்து ஒரு சுருளை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் கம்பியும் நிலையில் முட்டியது. அதைக் கழற்றி அரை விரல் பின்னால் தள்ளி வைத்து முடுக்கினேன். சாத்தினால் கதவு எண்ணெய் போட்ட மாதிரிப் போய் உட்கார்ந்தது. கம்பி துளைக்குள் சளக்கென்று இறங்கியது. அக்கா நாலு தடவை சாத்தித் திறந்து பார்த்துச் சிரித்தாள். கொத்தனாரைப் பார்த்து நான் மீசையை முறுக்கினேன்.

சித்திரை வந்தது. மண் காய்ந்து சுருங்கி, புரண்ட வீடு திரும்பிப் படுத்தது. நிலை விலகியது. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி. அதற்கு நான் சீவியது பாதிக் காரணம். கம்பியையும் பின்னால் தள்ளி வைத்தவன் நான்தான். இப்போது அது துளைக்குள் ஒரு நெல் நீளம்தான் போயிருக்கும். சத்தம் மட்டும் பழையபடி சளக்கென்று கேட்கும். சத்தம் கேட்டால் பூட்டிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன். அக்கா.

"மாரி, அப்பாவைக் காணும். வண்டி வச்சிருக்கியாலே?"

பக்கத்து ஊரில் ஒரு ஜன்னல் வேலையில் இருந்தேன். பத்து நிமிஷத்தில் அங்கே போய்விட்டேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை. தெருவே தேடப் போயிருந்தது. வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. வண்டியை நிறுத்தினதும் என் கண் தாழ்ப்பாளுக்குத்தான் போனது. தொழில் புத்தி.

கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். அக்கா தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டுத்தான் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். பெரியவர் வழக்கம்போல ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். நெல் நீளக் கம்பி துளையை விட்டுக் கழன்றிருக்கிறது. கதவு திறந்தது தாழ்ப்பாள் போட்டபடியே.

தெருவில் வெயில் மட்டும் நின்றது. நான் கட்டைவிரலால் கம்பியைப் பின்னால் தள்ளினேன். இப்போது பார்க்கிறவனுக்கு அது போடாத தாழ்ப்பாள்.

ஏன் செய்தேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம். வேலையில் தப்பு வரும் தம்பிகளா, எனக்கு வந்தது மாதிரி உங்களுக்கும் வரும். அதைக் காணும் முதல் நிமிஷத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். என் கை மறைத்தது. மூளைக்கு முன்னால் அது போய்விட்டது.

பிறகு வண்டியை எடுத்தேன். பழைய கேட் இருந்த இடத்தில் அவர் இல்லை. கீழ்ப்பாலத்துக்குள்ளும் இல்லை. வண்டியைப் போட்டுவிட்டுக் கரிசல் காட்டுக்குள் இறங்கி நடந்தேன். பருத்தி எடுத்து முடித்த நிலம், கறுப்பாக, கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெடித்துக் கிடந்தது. தூரத்தில் கானல் தண்ணீர் மாதிரி ஓடியது. அதில் ஒரு உடை முள்மரம் வேரில்லாமல் மிதந்தது. நடக்க நடக்க அது தள்ளித் தள்ளிப் போனது. சத்தமே இல்லை. என் செருப்புக்குக் கீழே மண் கட்டிகள் பொடிவது மட்டும் யாரோ முறுக்குக் கடிக்கிற மாதிரிக் கேட்டது. ஒரு கட்டத்தில் எதற்காக நடக்கிறேன் என்பதே மறந்து, இப்படியே நடந்தால் எங்கே போய்ச் சேருவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தினமும் இப்படித்தான் இருக்கும் போல.

அந்த மரத்துக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கால் வெடிப்புக்குள் இறங்கிக் கணுக்கால் வீங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, பழைய ஆள் யாரையோ பார்க்கிற மாதிரிச் சிரித்தார்.

"கேட்டு தொறந்து கெடந்துச்சு. வண்டி போயிருச்சுன்னு வந்தேன்," என்றார்.

காலை வெடிப்பிலிருந்து எடுத்து, ஆளை முதுகில் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்தேன். பஞ்சு மூட்டை கனம்கூட இல்லை.

வீட்டு வாசலில் தெரு கூடியிருந்தது. அவரை இறக்கி, தண்ணீர் கொடுத்து, எப்படிப்பா போனீர்கள் என்று கேட்டார்கள். அவர் அதையே திரும்பச் சொன்னார், கேட்டு திறந்து கிடந்தது என்று. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தாள். கம்பி போடாத மாதிரிப் பின்னால் தள்ளியே இருந்தது. பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டேன்னுதான் நெனச்சேன்," என்றாள்.

எனக்கு ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். நீ மட்டும் வரவில்லை என்றால் பெரியவர் வெயிலிலேயே முடிந்திருப்பார் என்றார்கள். நான் குடித்தேன்.

அன்று சாயங்காலம் திருப்பூரில் இருக்கிற அக்காவின் தம்பிக்காரன் போனில் முடிவு செய்துவிட்டான். அப்பாவை இனிமேல் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தூத்துக்குடிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறான். நாலாம் நாள் காலையில் வேன் வரும். அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். தாழ்ப்பாள் போட மறந்தவள் எந்த வாயால் பேசுவாள்?

நான் பேசியிருக்கலாம். மூன்று நாள் ஜன்னல் வேலைக்குப் போனேன், வந்தேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் அந்தக் கொத்தனார். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் பூச்சு வேலை அவனுக்கு. நான் கேட்காமலே சொன்னான்.

"அந்த அக்காளுக்கு என்னமோ ஆயிட்டுலே. கேஸை அணைச்சிட்டு வெளிய வாராவ. திரும்பப் போய்ப் பாக்காவ. திரும்ப வாராவ, திரும்பப் போறாவ. சாரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், எனக்குக் கிறுகிறுங்குது."

பிறகு என் முகத்தைப் பார்த்தான். டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"நீ சீவுன கதவுதான அது?"

நான் தலையாட்டினேன். எப்போதும் வாய் ஓயாதவன் அன்றைக்குப் பேசாமல் எழுந்து போனான். அவன் என்னைக் கிண்டல் பண்ணியிருந்தால் நான் இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு உளிப்பையோடு அக்கா வீட்டில் நின்றேன். வேன் பதினோரு மணிக்கு. பெரியவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் டூட்டிக்கு ரெடி. ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தது. அக்கா அவருடைய சட்டைக் காலர்களில் சிவப்பு நூலால் பேர் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே துணி மாறிப்போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

"அக்கா, அன்னைக்கு நீங்க தாழ்ப்பாள் போட்டிருந்தீங்க."

அவள் நிமிரவில்லை. "ஆறுதல் சொல்ல வந்தியாக்கும்."

"இல்லக்கா. நான் வாரப்ப கம்பி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. நாந்தான் உள்ள தள்ளுனேன். ஐப்பசில கம்பியைப் பின்னால தள்ளி வச்சேன்லா. வெயிலுக்கு நிலை விலகிட்டு. கம்பி எட்டல."

ஊசி துணிக்குள் போய் நின்றது. பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே," என்று திருப்பிச் சொன்னாள். "நாலு நாளா அடுப்பை அணைச்சனா அணைச்சனான்னு போய்ப் போய்ப் பாக்கேன். கொழம்புல உப்பு போட்டனான்னு மூணு தடவை நக்கிப் பாக்கேன். எங் கையை நானே நம்ப மாட்டேங்கேன் மாரி. நீ கலரைக் குடிச்சிட்டுப் போன."

நான் உளிப்பையைத் தரையில் வைத்தேன்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வேன் வரதுக்குள்ள கதவு பூட்டணும். பூட்டுனா தம்பிக்கிட்ட பேசலாம்."

அவசரத்துக்கு ஒரு சங்கிலி போட்டு விடவா என்று கேட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

"சங்கிலியா? அவிய என்ன நாயா?"

அதோடு அவசர வைத்தியம் முடிந்தது. ரெண்டு மணி நேரத்தில் ஒழுங்கான வேலை செய்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் தம்பிகளா, கை நடுங்கும். ஆனால் நான் சொல்கிறேன், உண்மையைச் சொன்ன பிறகு நடுங்குகிற கை பரவாயில்லை, உளி பிடிக்கும். கதவு ஓரத்தில் நான் சீவி எடுத்த அளவுக்கு ஒரு தேக்குப் பட்டியை வைத்துத் திருகினேன். மழைக்கு இறுக்கினால் அந்தப் பட்டியை மட்டும் கழற்றிக்கொள்ளலாம், கதவைத் தொட வேண்டாம். தாழ்ப்பாளை முன்னால் கொண்டுவந்தேன். நிலையில் இருந்த வட்டத் துளையை உளியால் மேலும் கீழும் நீட்டி, மேலே இரும்புத் தகடு அடித்தேன். வீடு எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் கம்பி போய் விழ ஒரு இடம் இருக்கட்டும் என்று. ஐப்பசியில் இதைச் செய்ய எனக்கு மூளை இல்லை என்று நினைக்காதீர்கள். மூளை இருந்தது. சீவினால் பார்க்க அழகாக இருக்கும் என்பதால் சீவினேன்.

கடைசித் திருகை முடுக்கும்போது தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

அக்கா டிரைவரிடம் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கம்பி தகட்டைத் தாண்டி ஒரு விரல் நீளம் உள்ளே போனது. குனிந்து கண்ணால் பார்த்தாள், சத்தத்தை நம்பவில்லை.

"அப்பா, இழுத்துப் பாருங்க."

"வண்டி வருதா?" உள்ளேயிருந்து குரல்.

"இழுங்கப்பா."

ஒரு இழுப்பு. கதவு முனகியது. அக்கா இன்னும் என்றாள். இன்னொரு இழுப்பு, அவர் வழக்கத்துக்கு மாறாக. அந்த ஒல்லி உடம்பில் இவ்வளவு பலமா என்று எனக்கே பயமாகிவிட்டது. கம்பி அசையவில்லை.

"போட்டிருக்கு," என்றார் பெரியவர். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

அக்கா போனை எடுத்துத் திருப்பூருக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

"எங்கிட்ட சொன்னத அவன்ட்டயும் சொல்லு."

வேன் டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுச் சாரத்தில் கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டான். தெருவில் நாலைந்து பேர். அன்றைக்குக் கலர் வாங்கிக் கொடுத்த அண்ணாச்சியும் அதில் இருந்தார். கம்பி நீட்டியிருந்தது, நான் தள்ளினேன், அக்கா மறக்கவில்லை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். தம்பிக்காரன் திருப்பூரிலிருந்து என் பரம்பரையையே கூப்பிட்டு விசாரித்தான். விசாரித்து முடித்து மூச்சு வாங்கினபோது அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வேனைத் திருப்பி அனுப்புதேன்," என்றாள். "அப்பா இங்கன இருக்கட்டும். முடியலன்னா நானே சொல்லுதேன்." அவன் என்னமோ சொல்ல ஆரம்பித்தான். அவள் வைத்துவிட்டாள்.

வேன் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது. என்னை யாரும் திட்டவில்லை, யாரும் கலரும் வாங்கித் தரவில்லை. நான் சாமான்களைப் பையில் போட்டேன். அக்கா என்னிடம் நன்றி, மன்னிப்பு என்று ஒன்றும் பேசவில்லை. மழை தொடங்கினதும் ஒரு தடவை, வெயில் ஏறினதும் ஒரு தடவை நானாக வந்து கதவைப் பார்க்க வேண்டும், அவள் போன் போட மாட்டாள் என்று மட்டும் சொன்னாள். மணிக்கட்டு போகிற வரை போனேன். இப்போது ஸ்க்ரூடிரைவரை இடது கையில் பிடித்துக்கொண்டு போகிறேன். உங்களில் ஒருத்தன் கூட வந்தால் நல்லது.

அன்றைக்கு நான் வண்டியை மிதித்துக் கிளப்பும்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை ஒரே ஒரு தடவை இழுத்தாள். கதவுக்கு வெளியே நின்று, வண்டி வருகிறது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். படி இறங்கி வெயிலில் நடந்தாள். தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பி வந்து பார்க்கவில்லை.